அம்மா பிழைவிட்ட கேள்வி

“பிள்ளை, நீ கெட்டிக்காரி. அதை நான் ஒத்துக்கொள்ளுறன். ஆனா அம்மாவை அந்தப் பரீட்சைக்கு இருத்திறது அவவுக்காகவோ, இல்லாட்டி உன்ர கெட்டித்தனத்தைக் காட்டவோ?”

கேட்டவர் எங்கள் கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில் இருக்கும் அங்கிள். ஊரில் கச்சேரி என்கிற மாவட்ட அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். ரொறன்ரோவின் டோர்செட் பார்க்கில் எங்கள் கட்டடத்துத் தமிழர்களுக்கு விண்ணப்பப் படிவங்கள் நிரப்பிக் கொடுப்பவர் அவர்தான். கறுப்புப் பேனா, எல்லாம் பெரிய எழுத்து, ஒரு அடித்தல் திருத்தல் இருக்காது. அன்று அம்மாவின் கனடாக் குடியுரிமை விண்ணப்பத்தை மேசையில் வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“அவவுக்கு இப்ப ஐம்பத்திரண்டு. இன்னும் மூண்டு வருசம் பொறுத்து ஐம்பத்தஞ்சில போட்டா, பரீட்சையே இல்லை. ஏன் அவசரப்படுறியள்?”

நான் வாயைத் திறக்குமுன் அம்மா சொன்னார்: “இல்லை அண்ணை. நீங்கள் எழுதுங்கோ.”

வெளியாட்களுடன் அம்மா யாழ்ப்பாணத் தமிழில் பேசுவார். வீட்டில் எங்களுக்குத் தோட்டத்துத் தமிழ். லிப்டில் கீழே இறங்கும்போது அந்தத் தமிழில் என்னிடம் சொன்னார்: “எங்க அப்பாவும் அம்மாவும் காத்துக்கிட்டே இருந்தாங்க. எந்த நாட்டு ஆளுன்னு தெரியாமலே செத்தும் போனாங்க. நான் காத்துக்கிட்டு இருக்க மாட்டேன்.”

அம்மாவின் பெற்றோர் இலங்கையின் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். நாடு சுதந்திரம் பெற்ற கையோடு தோட்டத்து மக்களின் குடியுரிமை பறிக்கப்பட்டது. பிறகு ஒரு கலவரத்தில் அடிபட்டு வடக்கே வன்னிக்கு வந்தபோது அம்மாவுக்கு ஐந்து வயது. காடு வெட்டிக் குடியிருந்த இடத்திலிருந்து பள்ளிக்கூடம் நடந்துபோகக்கூடிய தூரத்தில் இருக்கவில்லை. பிற்காலத்தில் சட்டம் மாறியது என்று சொன்னார்கள். மாறிய சட்டத்தை வாசித்துச் சொல்ல எங்கள் வீட்டில் ஒருவரும் இருக்கவில்லை. அப்பா யுத்தத்தின் கடைசி மாதங்களில் இறந்தார். முகாமில் இருந்து வெளியே வந்து, அகதிகளாக அம்மாவும் நானும் ரொறன்ரோவில் இறங்கியபோது எனக்குப் பதினொரு வயது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைப் படித்து முடித்த முதல் ஆள் நான். பிறகு பல்கலைக்கழகத்தையும் முடித்தேன். இப்போது ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். இதையெல்லாம் சொல்லும்போது நான் குரலைத் தாழ்த்துவதில்லை. பத்தொன்பது வயதில் என்னுடைய குடியுரிமைப் பரீட்சையை எழுதி இருபதுக்கு இருபது எடுத்தேன். அதனால் அம்மாவைப் படிப்பிப்பதும் எனக்குப் பெரிய வேலையாகத் தெரியவில்லை.

அம்மா உறைய வைத்த உணவு பொதி செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். வாழ்க்கையில் முதலில் கற்ற எழுத்து ஆங்கில எழுத்து. புதிதாக வருபவர்களுக்கான வகுப்பில் நாற்பது வயதுக்குப் பிறகு கற்றார். பஸ்ஸின் நெற்றியில் ஓடும் ஊர்ப்பெயரை மெதுவாக வாசிப்பார். அதே தெருவில் இருக்கும் தமிழ்க் கடையின் தமிழ்ப் பலகையை அவருக்கு வாசிக்கத் தெரியாது. பேசவும் கேட்கவும் போதிய ஆங்கிலம் உண்டு என்ற சான்றிதழையும் அந்த வகுப்பிலேயே வாங்கியிருந்தார். மீதி இருந்தது பரீட்சை ஒன்றுதான். அரசாங்கம் தரும் கையேட்டிலிருந்து இருபது கேள்விகள். பதினைந்து சரியாக இருக்க வேண்டும்.

எனக்குப் படிக்கத் தெரிந்த முறை ஒன்றே ஒன்று. சென்ற வருடத்துக் கேள்விகளைச் சேர்த்து, விடையைப் பாடமாக்குவது. முல்லைத்தீவில் மரத்தடி வகுப்பிலும் அப்படித்தான் படித்தேன், இங்கே பல்கலைக்கழகத்திலும் முக்கால்வாசி அப்படித்தான். வாட்ஸ்அப்பில் தமிழர்களுக்குள் சுற்றிக்கொண்டிருந்த ஒரு கேள்விப் பட்டியலை அச்சடித்து எடுத்தேன். நூறு நூற்றைம்பது கேள்விகள் இருக்கும். ஒவ்வொன்றையும் சிறு அட்டையில் எழுதி குளிர்சாதனப் பெட்டியிலும் அலுமாரிக் கதவுகளிலும் ஒட்டினேன். அம்மா தேநீர் ஊற்றும்போது ஒன்றைக் கேட்பேன், சப்பாத்துப் போடும்போது ஒன்றைக் கேட்பேன்.

“மாகாணம் எத்தனை?”

“பத்து.”

“யாருக்கு வாக்குப் போட்டோம்னு மத்தவங்களுக்குச் சொல்லணுமா?”

“வேணாம்.”

“தலைநகரம்?”

“ஒட்டாவா. ஏன்டி, சோறு ஆறுது.”

கடகடவென்று சொல்வார். ஒன்பதாம் மாடி அங்கிளின் முன்னால் ஒருநாள் வேண்டுமென்றே கேட்டேன். முப்பது கேள்விகளுக்கும் சரியான விடை. அங்கிள் தலையை ஆட்டிவிட்டு, “ரேப் ரெக்கோடர் மாதிரிச் சொல்லுறா,” என்றார். அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

பரீட்சையை இப்போது வீட்டிலிருந்தே கணினியில் எழுதலாம். அறையில் வேறு யாரும் இருக்கக்கூடாது. கமரா படம் எடுத்துக்கொண்டிருக்கும். முதல் தடவை அம்மா கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். நான் வெளியே நடையில் சுவரில் சாய்ந்து நின்றேன். முக்கால் மணி நேரமும் ஓடி முடிந்தது. வெளியே வந்தபோது அம்மாவின் கழுத்தெல்லாம் வியர்வை. பதினொன்று.

இரண்டாவது தடவை பதின்மூன்று. கேள்விகள் அட்டையில் இருந்த மாதிரி இல்லை என்றார். அட்டையில் சரியான விடை எந்தச் சொல்லில் தொடங்கும் என்பதைத்தான் அவர் மனதில் பதித்திருந்தார். சொல்லை மாற்றிக் கேட்டதும் எல்லாம் குழம்பிவிட்டது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. இன்னும் ஐம்பது அட்டைகள் எழுதி ஒட்டினேன்.

மூன்றாவது தடவைக்கு முதல்நாள் அங்கிள் கார் நிறுத்துமிடத்தில் என்னைக் கண்டு குரலைக் குறைத்தார். “உதுக்கு வழி இருக்குப் பிள்ளை. காதுக்குள்ள சின்னனா ஒண்டு வைக்கலாம். நீ மற்ற அறையில இருந்து சொல்லு. கன பேர் செய்யினம்.”

“வேண்டாம் அங்கிள்.”

“அப்ப அவ தோத்துப் போவா.”

மூன்றாவது தடவை பதினான்கு. மூன்று தடவைக்கு மேல் கணினியில் எழுத முடியாது.

அம்மா கட்டிலின் நுனியில் உட்கார்ந்திருந்தார். எந்தக் கேள்வி பிழைத்தது என்று அது காட்டவில்லை. ஞாபகம் இருப்பதையெல்லாம் சொல்லச் சொன்னேன். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தவர் இதையும் சொன்னார்: “ஓட்டு யாருக்குப் போட்டோம்னு சொல்லணும், சரியா பிழையான்னு கேட்டுச்சு. சரின்னு போட்டேன்.”

நூறு தடவையாவது நான் கேட்டிருந்த கேள்வி அது. “அம்மா, அது உங்களுக்குத் தெரியுமே! வேணாம்னு நூறு வாட்டி சொன்னீங்களே!”

“தெரியும்.”

“அப்புறம் ஏன்?”

“அட்டையில நீ கேட்ட, சொன்னேன். இங்க கேக்குறது கவர்மென்ட். கமரா வேற பாக்குது. சொல்ல மாட்டேன்னு கவர்மென்ட்டுக்கிட்டயே எப்படிச் சொல்றது?”

அவர் விளையாடவில்லை. முகாமில் எத்தனை தடவை வரிசையில் நின்று, ஒரே கேள்விக்கு எத்தனை சீருடைகளுக்குப் பதில் சொல்லியிருப்பார். கேட்டால் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் நின்றவர்களுக்கு என்ன நடந்தது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். எனக்கு அது தெரியும் என்பதால்தான், அடுத்து நான் சொன்னதை இன்றுவரை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

“பள்ளிக்கூடம் போயிருந்தா இது விளங்கியிருக்கும்,” என்றேன்.

அம்மா எழும்பிப் போய் அலுமாரிக் கதவில் இருந்த அட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, கிழிக்காமல் அடுக்கி, மேசையில் வைத்தார்.

சில வாரங்களில் கடிதம் வந்தது. ஒரு அதிகாரியின் முன்னால் நேரில் போய், கேட்கும் கேள்விகளுக்கு வாயால் பதில் சொல்ல வேண்டும். அதிலும் தவறினால் விண்ணப்பம் மறுக்கப்படும், திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அங்கிள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். “இப்பவே விண்ணப்பத்தைத் திருப்பி எடுத்தா மரியாதை. ஐம்பத்தஞ்சில திருப்பிப் போடுவம். என்ன சொல்லுறியள்?” என்று அம்மாவிடம் கேட்டார்.

“போறன் அண்ணை. வாயால கேட்டா வாயால சொல்லலாம்தானே.”

படிவம் நிரப்பிய அன்றைக்கு அங்கிள் கேட்ட முதல் கேள்வி எனக்குள் கிடந்து குத்தியது. காட்டுவதற்காகத்தான் செய்தேனா? கொஞ்சம் அப்படித்தான். என் மார்க்கை அம்மாவின் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அட்டைகளை எடுத்து உள்ளே வைத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து வாசித்து, தமிழில் சொல்லத் தொடங்கினேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டு கேட்பார். எனக்குப் பரீட்சையில் ஒரு வரியாக இருந்தவை அம்மாவிடம் போனதும் வேறு மாதிரி ஆயின. நாட்டின் குறுக்கே ரயில் பாதை போடச் சீனத் தொழிலாளர்கள் வேலை செய்ததும், பாதை முடிந்தபின் மேலும் சீனர்கள் வராமலிருக்க ஆளுக்கொரு வரி போட்டதும் கையேட்டில் இருக்கிறது. அம்மா கீரையைக் கீழே வைத்தார்.

“வேலைக்கு ஆள் வேணும்னா வா. வேலை முடிஞ்சா நீ யாரு? அப்படியா?”

“அப்படித்தான்.”

“இங்கயுமா?”

“இங்கயும்தான். பிறகு அரசாங்கம் மன்னிப்புக் கேட்டுச்சு.”

“வாயால கேட்டுச்சா?”

“நாடாளுமன்றத்துல, எல்லாருக்கும் முன்னால.”

அம்மா கீரையைத் திரும்பக் கையில் எடுத்தார். இந்தப் பகுதியை நான் திரும்பச் சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை. நாங்கள் வருவதற்கு ஆயிரமாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கே இருந்த மக்கள், அவர்களோடு செய்த உடன்படிக்கைகள், பிள்ளைகளைப் பிடுங்கி விடுதிப் பள்ளிகளில் அடைத்தது, எல்லாவற்றையும் கதை கேட்பது போலக் கேட்டார். பள்ளிக்கூடம் என்றால் நல்லது மட்டும்தான் என்று நினைத்திருந்ததாகச் சொன்னார். மன்னர், ஆளுநர், பிரதமர் யாருக்கு என்ன வேலை என்பதைத் தொழிற்சாலையின் முதலாளி, மேலாளர், மேற்பார்வையாளர் என்று தானாகவே பொருத்திக்கொண்டார். “முதலாளி பேருக்குத்தான். வேலையெல்லாம் மத்தவன்.” பெரிய பிழை என்று சொல்ல முடியவில்லை.

வாக்குச் சீட்டுக் கேள்விதான் நகரவில்லை. சொல்ல வேண்டியதில்லை என்பதை ஒப்புக்கொள்வார், ஆனால் நம்பவில்லை என்பது முகத்தில் தெரியும்.

அந்த இளவேனிலில் நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. வேலை முடிந்து, பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் விளையாட்டு மண்டபத்துக்குப் போய் என் வாக்கைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். நான் சப்பாத்தைக் கழற்றுமுன்னரே அம்மா கேட்டார்.

“யாருக்குடி போட்ட?”

சொல்லத்தான் வாய் எடுத்தேன். ஒளிப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. ஆனால் பெயர் நாக்கு நுனிக்கு வந்ததும் நின்றேன்.

“சொல்ல மாட்டேன்மா.”

அம்மா சிரித்தார். “சரி சரி, சொல்லு.”

“சொல்ல மாட்டேன்.”

“நான் உன்னைப் பெத்தவ.”

“உங்களுக்கும்தான் சொல்ல மாட்டேன்.”

சிரிப்பு போய்விட்டது. “அப்படி எனக்குத் தெரியக்கூடாத ஆளுக்கா போட்ட?”

“யாருக்குப் போட்டாலும் சொல்ல வேண்டியதில்லை. அவ்வளவுதான்.”

அம்மா அடுப்பங்கரைக்குள் போய்விட்டார். எனக்கு முன்னால் சாப்பாட்டுத் தட்டு வந்தது, பேச்சு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. எங்கள் வீட்டில் இருப்பது இரண்டே பேர். எனக்குத் தெரிந்து இரண்டு நாட்கள் அப்படிப் பேசாமல் இருந்ததில்லை. நான் பள்ளிக்கூடத்தைச் சொல்லிக் குத்தியபோதுகூட அவர் மறுநாள் பேசிவிட்டார். இப்போது ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். சொல்லிவிடலாமா என்று பலமுறை யோசித்தேன். சொன்னால் நான் படிப்பித்த ஒரேயொரு விடயத்தை நானே பொய்யாக்கியதாகிவிடும் என்று பயந்தேன்.

மூன்றாம் நாள் மாலை அம்மா துவைத்த துணிகளைக் கொண்டுவந்து சோபாவில் கொட்டிவிட்டு, மடித்துக்கொண்டே கேட்டார்.

“நீ சொல்லலைன்னா உன் மேனேஜர் ஒண்ணும் செய்ய முடியாதா?”

“முடியாது.”

“போலீஸ் வந்து கேட்டா?”

“கேக்க முடியாது. கேட்டாலும் சொல்ல வேணாம்.”

“கோயில்ல, சங்கத்துல கேட்டா?”

“வேணாம்.”

ஒரு துவாயை நான்காக மடித்து வைத்தார். “ரெண்டு நாளா நான் பேசல. அப்பவும் நீ சொல்லல.”

“சொல்லல.”

“நான் என்ன பண்ணிட்டேன் உன்னை?”

“ஒண்ணும் பண்ணல. சோறு போட்டீங்க.”

அம்மா என்னைப் பார்த்தார். கோபம் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. “அப்ப நெசமாத்தான்,” என்றார். பிறகு மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனார். அதைப் பற்றி நாங்கள் அதற்குப் பிறகு பேசவில்லை.

நேர்காணல் நாள் கோடையின் நடுவில் வந்தது. கெனடி வீதியில் பஸ் எடுத்துப் போனோம். அம்மா தொழிற்சாலைக் கூட்டங்களுக்குப் போடும் நீலச் சட்டையைப் போட்டிருந்தார். பெயரைக் கூப்பிட்டதும் எழும்பிய அம்மாவோடு நானும் எழும்பினேன். “நீங்கள் இங்கே இருங்கள்,” என்று வாசலில் நின்றவர் என்னிடம் சொன்னார். கண்ணாடிக் கதவு மூடியது. எனக்கு முன்னால் இருந்த சுவரில் மணிக்கூடு இல்லை. கைப்பேசியை நான் எடுத்துப் பார்க்கவுமில்லை.

வெளியே வந்த அம்மா நேராகப் படிக்கட்டுக்குப் போனார். பஸ் நிறுத்தத்துக்கு வந்த பிறகுதான் பேசினார்.

“பொம்பளை ஆபீசர். நல்ல மாதிரி. ரெண்டு கேள்வி தெரியல. தெரியாதுன்னு சொன்னேன். ரயில் ரோட்டைக் கேக்கவே இல்ல, நானா சொல்லிட்டேன்.”

“ஏன்மா கேக்காததைச் சொல்றீங்க?”

“கேளு. உனக்கு இருக்கிற உரிமையில ஒண்ணைச் சொந்தமாச் சொல்லுன்னாங்க. நான் சொன்னேன்...” அம்மா பஸ் நிறுத்தத்தில் நிமிர்ந்து நின்று, அந்த அறையில் சொன்ன ஆங்கிலத்தை அப்படியே சொன்னார். “ஐ வோட், நோபடி ஆஸ்க் மீ. மை டோட்டர் ஆஸ்க், ஐ நோ டெல். யூ ஆஸ்க், யூ ஆல்சோ, ஐ நோ டெல்.”

“சொல்ல மாட்டேன்னு ஆபீசர்கிட்டயேவா சொன்னீங்க?”

“ஆமா. முகத்தைப் பாத்துத்தான் சொன்னேன். அந்தம்மா பேனாவை வச்சிட்டு என்னையே பாத்தாங்க. அப்புறம் ஏதோ எழுதினாங்க.” பஸ் வரும் பக்கம் பார்த்துக்கொண்டு, “என்ன எழுதினாங்களோ,” என்றார்.

என்ன எழுதினார் என்று தெரிய நாங்கள் இரண்டு மாதம் காத்திருந்தோம். தபால் பெட்டியை அம்மா ஒரு நாளில் இரண்டு தரம் திறந்தார். கடைசியில் செய்தி வந்தது கணினியில். தேர்ச்சி. சத்தியப்பிரமாணத்துக்கு ஒரு நாளும் நேரமும் போட்டிருந்தார்கள். அங்கிளிடம் சொல்லப் போனபோது அவர் அம்மாவுக்கு எழும்பி நின்று கைகொடுத்தார். என்னிடம், “நான் பிழையா நினைச்சிட்டன் பிள்ளை,” என்றார். “முழுக்கப் பிழையில்லை அங்கிள்,” என்றேன். அது உண்மை.

பிரமாணமும் திரையில்தான். அம்மா சேலை கட்டிக்கொண்டு மேசை முன்னால் உட்கார்ந்தார். இதற்கு நான் பக்கத்தில் இருக்கலாம். முதலில் ஒவ்வொருவரும் தங்கள் நிரந்தரவதிவிட அட்டையைக் கமராவுக்குக் காட்டி, கத்தரிக்கோலால் வெட்ட வேண்டும் என்றார்கள். இதை நான் அம்மாவுக்குச் சொல்லியிருந்தேன். ஆனாலும் அட்டையை எடுத்ததும் அவர் கை அப்படியே நின்றது. முகாமில் தந்த அட்டை, அதற்கு முன்பு குடும்பப் பதிவு அட்டை, ஒன்றையும் அம்மா எறிந்ததில்லை. எல்லாம் பிளாஸ்டிக் பையில் சுற்றி அலுமாரியில் இருக்கின்றன. அட்டை இல்லாமல் பிடிபட்டவர்களை அவர் பார்த்திருக்கிறார். திரையில் மற்றவர்கள் வெட்டி முடித்துவிட்டார்கள். அதிகாரி அம்மாவுக்காகக் காத்திருந்தார்.

“வெட்டலாமா?” என்று தமிழில் என்னிடம் கேட்டார்.

“வெட்டுங்கம்மா.”

அட்டை தடிப்பானது. இரண்டு கையாலும் அழுத்தி வெட்டினார். அம்மாவின் படம் இருந்த பக்கம் ஒன்றாகவும் மற்றது ஒன்றாகவும் விழுந்தது. பிறகு வலக்கையை உயர்த்தி, வரிவரியாகச் சொல்லிக் கொடுத்ததை, ஒரு சொல்லையும் விழுங்காமல் திருப்பிச் சொன்னார். எழுந்தபோது என்னைத் தொடவில்லை, அழவுமில்லை. சேலைத் தலைப்பால் மேசையில் கிடந்த பிளாஸ்டிக் துகளைத் துடைத்தார்.

இந்த வருடம் நகரசபைத் தேர்தல். அம்மாவுக்கு அது முதல் வாக்கு. எந்த நேரம் போகலாம், நான் எத்தனை மணிக்கு வருவேன் என்று இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார். கூடப் போனால் நான் வரிசையிலும் பக்கத்தில் நிற்பேன், சீட்டில் எங்கே அடையாளம் இடுவது என்றும் சொல்வேன், மேசையில் இருப்பவர் கேட்பதற்கு அம்மாவுக்கு முன்னால் நானே பதிலும் சொல்வேன். என்னை எனக்குத் தெரியும்.

அதனால் அன்றைக்கு வாக்களிப்பு நிலையத்தில் வேலை செய்ய விண்ணப்பித்துவிட்டேன். எந்தப் பகுதி விருப்பம் என்று கேட்ட இடத்தில் எங்கள் பகுதியைப் போடவில்லை, மில்லிக்கன் என்று போட்டேன். அங்கேயும் தமிழ் பேசுபவர்கள் வருவார்கள். விடிவதற்கு முன்பே போக வேண்டும், பெட்டி மூடிய பிறகுதான் வர முடியும். அம்மாவிடம் சொன்னபோது, “அப்ப நான் தனியாவா?” என்றார். ஆமாம் என்றேன். சென்ற சனிக்கிழமை பயிற்சி வகுப்புக்குப் போய், அன்றைக்கு வேலைக்கு வருவதாக என் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.